வண்டி தூங்கும் இடத்தில் ஒரு திருட்டுப் பரீட்சை

கரமனைப் பாலத்தில் ஏறும்போதுதான் காருக்குள் பெருங்காய வாசனை அடிப்பதைக் கவனித்தேன். எங்கள் காரில் அப்பாவின் விபூதி வாசனையும், காயாத குடையின் வாசனையும்தான் உண்டு. திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் நான்கு கட்டு அப்பளம், ஒரு பெட்டி பெருங்காயம், ஒரு டஜன் விளக்குமாறு. பாலத்தின் நடுவில் புத்திக்கு எட்டியது. நான் ஓட்டிக்கொண்டிருப்பது எங்கள் காரே அல்ல.

அப்போது ஊரில் பாதிப் பேரிடம் அதே சின்ன வெள்ளைக் கார்தான். இருபது வருஷம் ஓடிய சாவி பல் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும். பூட்டும் அதேபோல் தேய்ந்திருக்கும். இரண்டும் யாரோடும் ஒத்துப்போகும் மனநிலைக்கு வந்துவிட்டன. சாலைக் கடைத்தெருவில் நிறுத்திய எங்கள் காருக்குப் பக்கத்திலேயே அதன் இரட்டைப் பிறவி நின்றிருக்கிறது. நான் சாவியைப் போட்டேன், திறந்தது. திருகினேன், கிளம்பியது. கல்லூரியில் மின்பொறியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு மளிகைக்காரரின் காரை ஒன்றரை கிலோமீட்டர் வெற்றிகரமாகத் திருடியிருந்தேன்.

திரும்பிப் போனபோது அந்த மளிகைக்காரர் எங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் சாவியும் எங்கள் காரைத் திறந்திருக்கிறது. கோபமே இல்லை.

“தம்பி, ஒரு சுத்து ஓட்டிப் பாத்தேன். ஒங்க வண்டில கிளட்ச் தேஞ்சு போச்சி. சீக்கிரம் மாத்திருங்க,” என்றார். அப்பளத்தை எண்ணிப் பார்க்கவும் இல்லை.

வீடு போய்ச் சேரும்வரை ஒரே யோசனை. சாவி என்பது வெறும் வடிவம். வடிவம் தேயும். வண்டிக்கு ஆளைத் தெரிய வேண்டும் என்றால் வேறு ஏதாவது வேண்டும். புதுக் கார்களில் கம்பெனியே அதை வைத்து அனுப்புகிறது. சாவிக்குள் ஒரு சில்லு, அதை அடையாளம் தெரிந்தால்தான் எஞ்சின் கிளம்பும். பழைய வண்டிகளுக்கு யார் வைப்பது? நான்தான், என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இருபத்தொரு வயதில் முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

இப்போது எனக்கு முப்பத்தொன்று. போன வெள்ளிக்கிழமை அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றேன். முப்பத்தொன்றில் என்ன ஓய்வு என்று சிரிக்கக்கூடியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் தெருவே சிரித்து முடித்துவிட்டது. ஆனால் உண்மை அதுதான். பழைய வண்டிக்குத் திருட்டுத் தடைக் கருவி வைக்கச் சொல்லி இந்த மழைக்காலம் முழுக்க இரண்டே பேர் வந்தார்கள். பழைய வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன, புதியவை கருவியோடேயே பிறக்கின்றன. கடையில் இப்போது பின்பக்கக் கேமராவும் தொடுதிரையும்தான் வேலை. கடையின் வாட்சாப் குழுவில் புதிதாக வந்த ஃபிட்டர்கள் இருவர், “சாமியண்ணா, அந்த டீசல் வேன் கேஸ் மட்டுமாவது எழுதி வச்சிட்டுப் போங்க, எல்லாரும் சொல்றாங்க, யாரும் முழுசாச் சொல்ல மாட்டேங்கிறாங்க,” என்று கேட்டார்கள். எழுதுகிறேன்.

வேலை கற்ற கதை நீளம் வேண்டாம். பட்டம் வாங்கினேன், கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஏழு மாதம் உட்கார்ந்தேன், நாற்காலி சுழன்றது, நான் சுழலவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷைலஜா சேச்சி நடத்திய வாகன மின்வேலைக் கடையில் போய் நின்றேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “இஞ்சினியரிங் படிச்சுட்டு நகமெல்லாம் கரியாக்கிண்டு வரயே, அந்தக் கையாலயா சாதம் பிசையப்போறே? ஸ்பூன் எடுத்துக்கோ,” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு மட்டும் ஸ்பூன்.

சேச்சிக்கு அப்போது நாற்பது இருக்கும். கடை அவருடையது, கூடவே ஒரு பழைய ஜீப்பும், எதற்கும் குரல் உயர்த்தாத ஒரு பழக்கமும். அக்ரஹாரத்துப் பையன் என்று தெரிந்ததும் என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார். சந்து முழுக்க அதுவே பெயரானது. பல வருஷம் தமிழ்க்காரர்களோடு வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார், ஆனால் அந்தத் தமிழ் மலையாளத்தின் தோளில் கை போட்டபடிதான் நடக்கும்.

அவருடைய முறை இது. வண்டி வந்ததும் முதல் அரை மணி நேரம் யாரும் கருவிப்பெட்டியைத் திறக்கக்கூடாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், உள்விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, எது வேலை செய்யவில்லை என்று உரிமையாளர் எதிரிலேயே சொல்ல வேண்டும். “இல்லெங்கில் நாளைக்கு அவங்க ஹாரன் அடிக்கலைன்னாலும் நம்ம தலையிலதான்.” அதன்பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. அதன்பிறகுதான் கத்தரி.

இழுக்கும் வயர் எல்லாம் கறுப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் நிறமாக இழுத்தால் நமக்குச் சுலபம், திருடனுக்கும் சுலபம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது எங்கள் கடையில் பெரும்பாவம். ஈயம் வைத்துப் பற்ற வேண்டும், மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். திருட்டுத் தடைக் கருவியின் பெட்டியை ஸ்டீயரிங்குக்குக் கீழே வைக்கக்கூடாது, ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். ஒரு வண்டியில் வைத்த இடத்தில் அடுத்த வண்டியில் வைக்கக்கூடாது. எங்கே வைத்தோம் என்பது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிய கவரில் உரிமையாளரிடம் போகும். கடையில் அதற்குப் பிரதி கிடையாது.

வேலை முடிந்ததும் சேச்சி வருவார். குனிந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுப்பார். இழுக்கும்போது முகத்தைப் பார்த்து, “சாமி, சாப்பிட்டாச்சா? அம்மைக்கு கால்வேதனை எங்ஙனே உண்டு?” என்று கேட்பார். வயர் கையோடு வந்துவிட்டால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்தத் துண்டை மடித்து நம் சட்டைப்பையில் செருகிவிட்டு, அம்மாவின் கால்வலி பற்றிய பதிலை முழுதாகக் கேட்டுவிட்டுப் போவார். முதல் மாதத்தில் என் பையில் பதினொரு துண்டு சேர்ந்தது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து அவை விழுவதைப் பார்த்து, கடையில் ஏதோ பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக வருவதுதான் திருட்டுப் பரீட்சை. வேலை முடிந்த வண்டியை உரிமையாளரே திருட வேண்டும். பத்து நிமிஷம். யாரை வேண்டுமானாலும் துணைக்கு அழைக்கலாம். ஸ்க்ரூடிரைவர், வயர்த் துண்டு, வாய்ச்சவடால் எல்லாம் அனுமதி. கண்ணாடி உடைக்க மட்டும் தடை. எங்கள் முற்றத்தில் ஒரு வக்கீல் தன் காருக்கு அடியில் படுத்து வேட்டியைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு தம்பதி திருட முயன்று, முடியாமல், கணவனுக்கு எதுவுமே ஒழுங்காகத் தெரியாது என்ற பழைய வழக்கைப் புதுப்பித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பத்து நிமிஷம் கழிந்ததும் டேக் என்கிற, சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான் அளவுத் துண்டைக் கையில் கொடுப்போம். அது பக்கத்தில் இருந்தால் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் சம்பளம் வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

நான் சேர்ந்து ஆறு வருஷத்தில் ஒருவர்கூடப் பரீட்சையில் ஜெயித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது. அப்போதுதான் பகவதி அக்கா வந்தார்.

தென்காசிப் பக்கம். கழக்கூட்டத்தில் நான்கு ஹாஸ்டல்களுக்கு அவர்தான் காலை இட்லி, இடியாப்பம், சாம்பார். எல்லாம் போவது ஒரு பழைய டீசல் வேனில், ஓட்டுவதும் அவரே. அந்த வேனை ஒருமுறை பட்டப்பகலில் ஹாஸ்டல் வாசலிலிருந்து யாரோ கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். டீசல் தீர்ந்து ஐந்தாறு கிலோமீட்டரில் விட்டுவிட்டுப் போனதால் கிடைத்தது. அதற்குப்பின் ஒருமுறை கதவை நெம்பியிருந்தார்கள்.

“வண்டி போச்சின்னா என் சோலி முடிஞ்சிது தம்பி,” என்றார், இருக்கையில் கூட உட்காராமல். “ஒரு நாள் காலைல சாப்பாடு போகலைன்னா ஹாஸ்டல்காரன் மறுநா வேற ஆளப் பாத்துருவான். ஆட்டோ வச்சி அடிக்கக் கட்டுபடி ஆகாது. இன்னொரு வண்டி வாங்க நான் என்ன ஜமீனா? நீங்க எத வேணாலும் மாட்டுங்க, எனக்கு அது அங்கனயே நிக்கணும். காலைல நான் போனா கெளம்பணும். ரெண்டுதான்.”

இரண்டுதான். எழுதும்போதும் எனக்கு அது சின்னதாகத்தான் தெரிகிறது.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கருவியை வைத்தேன். எல்லா வண்டிக்கும் செய்வதுதான். கறுப்பு வயர், ஈயம், ஸ்லீவ். சேச்சி இழுத்துப் பார்த்தார்; ஒன்றும் கையோடு வரவில்லை. முற்றத்தில் பரீட்சை. பகவதி அக்கா சாவியைத் திருகினார், டிக் என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனைகளை இணைத்துப் பார்த்தார். டாஷ்போர்டைத் தட்டினார். தனக்குத் தெரிந்த கெட்டவார்த்தைகளில் வண்டியைத் திட்டினார். பத்து நிமிஷம் முடிந்தது. நான் டேக்கை நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை. “இது சரி தம்பி. ஆனா என் வண்டிய நான் இப்பிடி ஸ்டார்ட் பண்றதே இல்லய,” என்றார்.

“பின்னே எப்படி?”

“நீங்க வந்து பாருங்க,” என்று டேக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வேலை முடிந்து அவர் திரும்பிய நேரத்தில், அவர் வீட்டுக்குப் போனேன். இந்த ஊரில் சமதரையைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். அவர் வீடு ஒரு சரிவான சந்தின் உச்சியில். வேன் வாசலில், மூக்கைக் கீழ்நோக்கி வைத்து நின்றிருந்தது. பேட்டரி பலவீனமான பழைய வண்டி வைத்திருக்கும் அத்தனை பேரும் இங்கே அப்படித்தான் நிறுத்துவார்கள். நானே என் வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் போய்வந்திருக்கிறேன். என் முன்னால் அக்கா ஏறினார். டேக்கை என் கையில் கொடுத்தார். சாவிகூடப் போடவில்லை. கைபிரேக்கை விட்டார். வேன் சத்தமில்லாமல் உருண்டது. பத்தடி, இருபதடி. இரண்டாவது கியரைத் தட்டி கிளட்சை விட்டார். புகை ஒரு குடை அளவுக்கு எழுந்தது, எஞ்சின் உறுமிக்கொண்டு ஓடியது. சந்தின் அடியில் போய்த் திருப்பி, மேலே ஏற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். வேகம் இன்னும் அடங்காத முகத்தோடு ஜன்னல் வழியாக,

“பாஸா, ஃபெயிலா?” என்றார்.

ஆறு வருஷத்துத் தலைக்கனம் அந்தச் சரிவில் அவர் வண்டியைவிட வேகமாக உருண்டு போனது. அந்த வேன் பழைய முறை டீசல். எஞ்சின் ஓட மின்சாரமே வேண்டாம்; டீசலை அழுத்தித் தரும் பம்ப் சுழன்றால் போதும். அணைப்பதற்குக்கூட ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும். அது ஒரு கம்பியால் பம்ப்பின் நிறுத்து நெம்புகோலை இழுத்து டீசலை அடைக்கும். வாய்க்குப் பூட்டு போட வேண்டிய இடத்தில் நான் செருப்புக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். கடை முற்றம் சமதரை. பரீட்சையே தப்பான மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். சேச்சி சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டார். “ஆறு வருஷமாயிட்டு நம்ம ரெண்டு பேரும் மண்டர், அல்லே சாமி?” என்றார். முட்டாள் பட்டத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றைக்கே சட்டம் மாறியது. இனிமேல் பரீட்சை கடையில் இல்லை. வண்டி தூங்கும் இடத்தில்.

இரண்டே நாளில் நான் வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். டீசல் குழாயில் ஒரு மின்வால்வு. மின்சாரம் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். டேக் இல்லையென்றால் மின்சாரம் இல்லை, டீசல் இல்லை. உருட்டினாலும் சிறிது தூரத்தில் படுத்துவிடும். மாட்டினேன். சேச்சி வந்தார். இழுத்தார். வயர் எதுவும் வரவில்லை. ஆனால் இந்த முறை சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“சாமி, ஓடிக்கிட்டிருக்கும்போ இந்த வயர் போயால்?”

“போகாது சேச்சி. ஈயம் வச்சிருக்கேன்.”

“சரி. வா, ஒரு டிரைவ் போகாம்.”

ஒரு காலியான விளையாட்டு மைதானத்துக்கு வேனைக் கொண்டுபோகச் சொன்னார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். அவர் கதைபேச ஆரம்பித்தார். அம்மாவின் கால்வலி, மருத்துவர், எண்ணெய். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இரண்டு முறை திக்கி, செத்தது. பயத்தில் கிளட்சை அமுக்கினேன், பிரேக்கை மிதித்தேன். முதல் மிதி பரவாயில்லை. இரண்டாவது கனத்தது. மூன்றாவது மிதியில் பெடல் செங்கல்லாக இருந்தது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் காற்றிழுப்பும் நின்றுவிடும் என்று பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இரண்டு காலையும் வைத்து மிதித்து, கோல் கம்பத்துக்கு ஆறடி முன்னால் நிறுத்தினேன்.

சேச்சி விரல்களுக்கு நடுவில் வால்வின் ஃபியூஸ் இருந்தது. நான் எண்ணெய் பற்றிப் பேசும்போது பிடுங்கியிருக்கிறார்.

“இது கிரவுண்டு. அக்கா போறது ஹைவே. பின்னாலே தொண்ணூறு லிட்டர் கொதிக்கிற சாம்பார்,” என்றார். ஃபியூஸை என் சட்டைப்பையில் போட்டார். “கள்ளன் வண்டியைக் கொண்டுபோனால் வண்டி மட்டும்தான் போவும். ஓடுற வண்டிய நிறுத்துற பணி நமக்கு வேண்டா, கேட்டோ.”

எட்டு நாள் எனக்கு வேறு எண்ணமே இல்லை. பகவதி அக்கா வேனைச் சங்கிலி போட்டு மின்கம்பத்தோடு கட்டிவைத்தார். காலையில் ஃபோன் செய்வார். “சாமி தம்பி, வண்டி எருமை மாதிரி கட்டிக் கெடக்கு. லைன்மேன் வந்து கம்பத்துல மாடு கட்டக் கூடாதுங்கான். என்னய்யா செய்யப் போற?”

வேண்டியது என்ன என்று தாளில் எழுதினேன். ஓடும்போது எந்த வயர் அறுந்தாலும் வண்டி ஓட வேண்டும். நிற்கும்போது எந்த வயர் அறுந்தாலும் வண்டி நிற்க வேண்டும். அதாவது வயரை நம்பக்கூடாது. மின்சாரம் போனால் இருந்த நிலையிலேயே இருந்துவிடும் ஒரு பொருள் வேண்டும்.

ஒன்பதாம் நாள் ஒரு காரின் கண்ணாடி பாதியில் சிக்கி வந்தது. பவர் விண்டோ மோட்டார் பழுது. அந்தக் காரின் உரிமையாளர் இரண்டு கையாலும் கண்ணாடியைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார்; அது ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவர் மூச்சுவாங்க, “கரண்டே இல்லாத மோட்டாருக்கு இவ்வளவு பிடிவாதமா?” என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை. அந்த மோட்டாருக்குள் திருகுப்பல் இருக்கிறது. மோட்டார் பல்லைத் திருப்பும். பல் மோட்டாரைத் திருப்ப முடியாது. மின்சாரம் இருந்தால் நகரும், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் சத்தியாக்கிரகம்.

சாலைக் கடைத்தெருப் பழைய இரும்புக் கடையில் நல்ல மோட்டார் ஒன்று வாங்கினேன். பம்ப்பின் நிறுத்து நெம்புகோலோடு இன்னொரு கம்பியைக் கட்டி, மோட்டாரின் சக்கரத்தில் சுற்றினேன். வண்டி நின்று டேக் விலகினால் மோட்டார் கம்பியை இழுத்து டீசலை அடைக்கும், அப்படியே உறைந்துவிடும். டேக் வந்தால் தளர்த்திவிடும், அப்படியே உறைந்துவிடும். நடுவில் ஃபியூஸைப் பிடுங்கினாலும் பேட்டரியையே கழற்றினாலும் ஒன்றும் அசையாது. எஞ்சின் ஓடும்போது தவறிக்கூட இழுத்துவிடக்கூடாது என்பதற்காக, ஆயில் அழுத்தம் காட்டும் சுவிட்சிலிருந்து ஒரு வயர் எடுத்தேன். அழுத்தம் இருந்தால் எஞ்சின் ஓடுகிறது, தொடாதே. அந்த வயர் அறுந்தாலும் பெட்டிக்கு எஞ்சின் ஓடுவதாகத்தான் தோன்றும். மோட்டாரையும் நெம்புகோலையும் இரும்புத் தகடு போட்டு மூடி ரிவெட் அடித்தேன்.

சேச்சி இழுத்துப் பார்த்தார். மீண்டும் மைதானம். இந்த முறை என் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மடியில் போட்டார். வேன் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு, “பேட்டரி முழுக்கச் செத்துப்போனால் அக்கா எங்ஙனே எடுக்கும்?” என்றார். அதையும் யோசித்திருந்தேன். வெளியே தெரியாத இடத்தில் இரண்டு ஆணித்தலைகள்; ஸ்கூட்டர் பேட்டரியை அதில் தொட்டால் மோட்டார் தளர்ந்துவிடும், பிறகு உருட்டிக் கிளப்பலாம்.

“அம்மையோட கால்வேதனை எங்ஙனே உண்டு?” என்றார் சேச்சி. என் பையில் எதுவும் விழவில்லை.

பரீட்சை அக்காவின் சந்தில் நடந்தது. ஊரே துணைக்கு வந்துவிட்டது. அக்கா ஐந்து முறை உருட்டினார். இரண்டாம் கியர், முதல் கியர், ரிவர்ஸ் கியரில் மேலேயிருந்து தள்ளச் சொல்லிக்கூட. ஒவ்வொரு முறையும் வேன் சந்தின் அடிவரை மௌனமாகப் போய் நின்றது. மேலே தள்ளிக்கொண்டு வந்தது நானும் அக்காவின் பக்கத்துவீட்டார் நால்வரும்தான். ஐந்தாவது தடவைக்கு அவர்கள், “அக்கா, ஒத்துக்கிடுங்க, இடுப்பு போச்சி,” என்று கெஞ்சினார்கள். அக்கா டேக்கை வாங்கிக் கொண்டையில் முடிந்துகொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை ஐந்தரை மணிக்கு ஃபோன்.

“தம்பி, வண்டியக் காணும்!”

நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த முனையில் செருப்புச் சத்தம், நாய், மூச்சு. “எங்கன போச்சின்னு தெரியல. இட்லி பூரா ஹாட்பாக்ஸ்ல அடுக்கியாச்சி... இரிங்க... இரிங்க தம்பி. அங்கன ஒண்ணு வெள்ளையாத் தெரியி.” பிறகு ஒரு பெரிய சிரிப்பு. “எய்யா, வாழைத்தோட்டத்துல கெடக்கு! உருட்டிட்டுப் போயிருக்கான். கெளம்பல! கெளம்பவே இல்ல!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன இரண்டில் ஒன்றுதான் முடிந்திருந்தது. அங்கேயே நின்றுவிட்டது, காலையில் கிளம்ப வேண்டுமே. இரண்டு மாத மழை, ஈரம், திருடனின் ஆத்திரம் எல்லாம் அந்த மோட்டாரை என்ன செய்திருக்குமோ. நான்கு ஹாஸ்டல்.

“அக்கா, டேக் கையில இருக்கா? ஏறி உக்காருங்க. ஃபோன ஆஃப் பண்ணாதீங்க.”

கதவு சாத்தும் சத்தம். அப்புறம், மிக மெலிதாக, ஒரு கார் கண்ணாடி இறங்குகிற மாதிரி ஒரு ர்ர்ர். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சத்தம் கேட்டதில்லை. சாவி திரும்பியது. பேட்டரி ஒருமுறை முனகியது, இன்னொரு முறை முனகியது, எஞ்சின் பிடித்தது. வாழையிலைகள் கிழிவது எனக்குக் கேட்டது.

“பதினஞ்சு நிமிசம் லேட்டு. இடியாப்பத்துக்கு எலை வேற கெடச்சிருச்சி. வைக்கேன்,” என்று வைத்துவிட்டார்.

கடையில் நான் இதை நடித்தே காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். சேச்சி மட்டும் கைதட்டவில்லை. “எஞ்சின் ஓடாத வண்டி சரிவுல உருண்டிருக்கு. வழியில யாராவது நடந்திருந்தால்?” என்றார். அன்று மதியம் பலாமரக் கட்டையில் முக்கோணமாக ஓர் ஆப்பு செய்யச் சொல்லி, சங்கிலியோடு அக்காவின் வீட்டுக்கு அனுப்பினார். நிறுத்தியதும் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துப் பூட்ட வேண்டும். திருகுப்பல், சுவிட்சு, டேக் எல்லாவற்றுக்கும் மேல் அதிகாரி ஒரு மரக்கட்டை. அதற்குப்பிறகு நாங்கள் கருவி வைத்த ஒவ்வொரு சரிவு வண்டிக்கும் ஒரு கட்டையும் போனது. அந்த மோட்டார் முறையில் முப்பதுக்கு மேற்பட்ட பழைய டீசல்கள் செய்தோம். எல்லாவற்றுக்கும் பரீட்சை அவை தூங்கும் இடத்தில்தான்: தேயிலைக் கிடங்கின் பின்புறம், கோவில் குளக்கரை, ஒரு முறை சவப்பெட்டிக் கடையின் முற்றம்.

இப்போது அந்த டீசல்களும் போய்விட்டன. பகவதி அக்காகூடப் போன மாதம் புது வண்டி எடுத்தார். பழையதை விற்கும்போது மோட்டாரைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, “வாங்கிட்டுப் போறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? நீ வச்சிக்க,” என்றார். கூடவே ஒரு ஆளையும் கொடுத்தார். அவருக்கு மீன் கொண்டுவரும் சேவியர் அண்ணன். தூத்தூர்க்காரர், பெண் எடுத்த இடம் பூந்துறை, அங்கேயே படகு.

சேவியர் அண்ணனின் கஷ்டம் வேறு மாதிரி. படகின் பின்னால் தொங்கும் எஞ்சினைக் கரையில் விட்டால் காலையில் இருக்காது. அதனால் தினமும் கடலிலிருந்து வந்ததும் அதைக் கழற்றி, இரண்டு பேராகத் தோளில் சுமந்து, மணலில் நடந்து, வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். காலையில் திரும்பச் சுமந்து வருகிறார்கள். அண்ணனுக்குத் தோள் எலும்பு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. அவருடைய கூட்டாளி சுமக்க முடியாமல் கடலையே விட்டுவிட்டார்.

கேட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின், பேட்டரியே கிடையாது. அணைப்பதற்கு ஒரு வயர் உண்டு. அதை அறுத்தால் எஞ்சின் ஓடும். அதாவது திருடனுக்குக் கத்தரி போதும். சரி, அறுத்தால் ஓடாதபடி செய்யலாமா? அப்படிச் செய்தால் உப்புத் தண்ணீரில் அரித்து அதே வயர் கடல் நடுவில் தானாக அறுந்தால்? இங்கே பிரேக் கனப்பதோடு முடியாது. கரையில் நிற்க வேண்டும், கடலில் நிற்கவே கூடாது, இரண்டுக்கும் ஒரே எஞ்சின். திருகுப்பல் மோட்டாரைச் சின்னதாக்கி மூடிக்குள் வைத்து டீசல் நெம்புகோலுக்குப் பதில் சோக் என்கிற காற்றடைப்பானைப் பிடித்தால் என்ன என்று மூன்று நாளாக வரைந்துகொண்டிருக்கிறேன். வரைந்ததைச் சேவியர் அண்ணனிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

“எடே பிள்ளே, படம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நீ ஆதியம் எஞ்சினைத் தோளுல ஏத்தி வீடு வரை நட. பெறவு மத்தது பேசலாம்.”

வெள்ளிக்கிழமை கடையில் விடைபெறும்போது சேச்சி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “கடல்ல சரிவு உண்டோ சாமி?” என்றார்.

“அலை உண்டு சேச்சி.”

“அப்போ பரீட்சை எங்கே?”

அது எனக்கும் அப்போதுதான் தோன்றியது. எங்கள் சட்டப்படி, எஞ்சின் தூங்கும் இடத்தில். சேவியர் அண்ணனின் எஞ்சின் தூங்குவது அவருடைய கட்டிலுக்கு அடியில். சொன்னதும் சேச்சி மறுபடி மேஜையில் சாய்ந்து சிரித்தார். சிரித்தபடியே என் சட்டைப்பையில் எதையோ போட்டார். சந்தைத் தாண்டியதும் எடுத்துப் பார்த்தேன். மைதானத்தில் பிடுங்கிய ஃபியூஸ் போலவே ஒன்று, ஆனால் புதியது.

நாளைக் காலை ஏழு மணிக்குப் பூந்துறை. தோளில் போட அம்மா பழைய துண்டு ஒன்றை மடித்து வைத்திருக்கிறாள், ஸ்பூனையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். முதலில் கட்டிலுக்கு அடியிலிருந்து எஞ்சினை இழுக்க வேண்டும். பிறகு மணலில் நடக்க வேண்டும். பிறகுதான் கத்தரி.